உஷார்! மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால்...

பேனாவை எடுத்துவிட்டீர்களா? கீழே வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நீங்கள் ஜோர்ஜ்டவுனில் ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறவராக இருக்கலாம். பட்டர்வொர்த்தில், பிறையில், நிபோங் திபாலில் மாலை நேர டியூஷன், தையல் வகுப்பு, தனியாக இருக்கும் முதியோருக்கு மதியச் சாப்பாடு என்று ஏதோ ஒன்றைக் கைக்காசு போட்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம். மாதம் பிறந்தால் வாடகைக் கவலை. அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் வருவார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "அக்கா, உங்களை மாதிரி ஆட்களைத்தான் அறவாரியங்கள் தேடுகின்றன. புத்தாக்கச் சமூகத் திட்டம் என்று எழுதிக் கொடுத்தால் எண்பதாயிரம் வெள்ளி நிச்சயம். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

உஷார்! குழி அங்கேதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பினாங்குத் தீவில், அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் 27 பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார். மொட்டைமாடியில் கீரை வளர்த்துத் தாய்மார்கள் விற்கலாம் என்று ஒரு திட்டம் அவர் மனத்தில் இருந்தது. நல்ல திட்டம்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் அப்படி ஓர் ஆள் வந்திருக்கிறார்.

பச்சை நிற ஃபைல். உள்ளே மலாயில் ஒரு கடிதம். மேலே ஓர் அறவாரியத்தின் சின்னம். அக்கா அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறார், என்னிடம் காட்டினார். சின்னத்தின் ஓரமெல்லாம் பிசிறு. கணினித் திரையிலிருந்து வெட்டி ஒட்டியது என்று இப்போது பார்த்தால் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதலில் செயலாக்கக் கட்டணம் என்று 2,400 வெள்ளி. எண்பதாயிரத்தில் வெறும் மூன்று சதவீதம்தானே என்றார்களாம். இரண்டு வாரம் கழித்து முத்திரைக் கட்டணம் என்று 1,850. அதற்குச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. பிறகு, "பணம் வங்கிக்கு வந்துவிட்டது, விடுவிக்க 3,000 கட்டவேண்டும், நாளைக்குள் கட்டாவிட்டால் வேறு சங்கத்துக்குப் போய்விடும்." வீட்டில் காசு இல்லை. சங்கக் கணக்கில் இருந்தது. பொருளாளர் கூலிமில் இருக்கிறார், அடிக்கடி வர முடியாது என்று காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை வாங்க ஒதுக்கிய பணம் அது. போய்விட்டது.

மொத்தம் 7,250 வெள்ளி. இதோடு முடிந்திருந்தால் பாடம் என்று நினைத்து ஆறிவிடலாம். முடியவில்லை. விண்ணப்பத்துக்குத் தேவை என்று, சங்க முத்திரை குத்திய வெற்றுக் கடிதத்தாள் ஐந்தையும் அந்த ஆள் வாங்கிப் போயிருந்தார்.

சில மாதம் கழித்து உண்மையான ஓர் அறவாரியத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு. "உங்கள் சங்கத்தின் விண்ணப்பம் கிடைத்தது. 300 பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்."

முந்நூறு பிள்ளைகளா! இருப்பது 27. அவர் பெயரில், அவர் முத்திரையில், யாரோ கதை கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா போலீசில் புகார் செய்து, கடிதம் எழுதி, தான் அனுப்பவில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அந்த ஆண்டு கடந்துவிட்டது. காசு போனால் சம்பாதிக்கலாம். முப்பது வருடம் வகுப்பறையில் நின்று சேர்த்த பெயருக்கு என்ன செய்வார்?

படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று நினைக்கிறீர்களா? தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பெரிய பெரிய கல்லூரிகளும் தர்ம அமைப்புகளும் இதே குழியில் விழுந்தன. பிலடெல்பியா பகுதியில் 'நியூ இரா' என்றொரு தர்ம அறவாரியம் இருந்தது. ஜான் பென்னெட் என்பவர் நடத்தினார். உங்கள் பணத்தை எங்களிடம் ஆறு மாதம் வையுங்கள், பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றார். முதலில் கொடுத்தவர்களுக்கு இரட்டிப்பாகவே வந்தது. பின்னால் வந்தவர்களின் காசுதான் அது! அப்படி ஒரு கொடையாளர்கூட இல்லை. மிச்சிகனில் ஸ்பிரிங் ஆர்பர் என்ற சின்னக் கல்லூரியின் கணக்கியல் ஆசிரியர் ஆல்பர்ட் மேயர் ஒருவர்தான் விடாமல் கேள்வி கேட்டார். அவர் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. 1995 மே மாதம் எல்லாம் சரிந்தது. 1997-ல் பென்னெட்டுக்கு 12 ஆண்டுச் சிறை. பணம் போட்ட அமைப்புகள்? இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவே வழக்கு வழக்காக அலைந்தன.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 2017-ல் பினாங்கின் ஜே.ஜே.பி.டி.ஆர். முதலீட்டுத் திட்டம் நின்றுபோனபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பட்டியலைப் பார்த்தோம்?

அப்படியென்றால் மானியமே பொய்யா? இல்லை. அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டே அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 'திங்க் சிட்டி'யைத் தொடங்கி, இந்த நகரத்துக்கென்றே ஒரு மானியத் திட்டம் நடத்தியது. பழைய கடைவீடுகள் பழுது பார்க்கப்பட்டன, கலைக்கும் சமூக வேலைக்கும் பணம் வந்தது. 2015-லிருந்து அதே கசானாவின் 'யாயாசான் ஹசானா' கல்வி, சமூகம், சுற்றுச்சூழல், கலை என்று அரசு சாரா அமைப்புகளுக்குக் கொடுத்து வருகிறது. பணம் இருக்கிறது. கொடுக்கிறார்கள். ஆனால் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று அவர்களே பகிரங்கமாக அறிவிப்பார்கள். கேள்வி கேட்பார்கள், நேரில் வந்து பார்ப்பார்கள், ஒப்பந்தம் போடுவார்கள், வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாகத் தருவார்கள்.

மானியம் தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். ஒரு காசுகூட!

கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். சதவீதமாகக் கேட்டாலும் சரி, மேலே இருக்கும் டத்தோவுக்கு அன்பளிப்பு என்றாலும் சரி. கட்டவேண்டிய கணக்கு தனிநபர் பெயரில் இருக்கிறதா? ஓடுங்கள். அறவாரியத்துக்குக் கணக்கு இல்லாமலா ஒரு தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடச் சொல்வார்கள்? புக்கிட் அமான் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டிவிடும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக நல்லவர் என்று நம்பிவிடாதீர்கள். நேற்றுத் திறந்த கணக்காக இருக்கலாம்.

நாளைக்குள், இன்றைக்குள், யாரிடமும் சொல்லாமல். இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் செயலவையைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. "உங்கள் சங்கக் கணக்குக்கு இரண்டு லட்சம் வரும். இருபது சதவீதம் உங்களுக்கு. மீதியைக் காசாக எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." கேட்க லாபம் மாதிரி இருக்கும். அது யாருடைய பணம்? எங்கிருந்து வருகிறது? போதைப்பொருள் காசா, வேறு யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றிய காசா? பணச் சலவைத் தடுப்புச் சட்டம் 2001 என்று ஒன்று இருக்கிறது. அதில் மாட்டினால் கணக்கு முடங்கும், தலைவரும் செயலாளரும் பொருளாளரும் விசாரணைக்குப் போவார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்றால் இன்னும் கவனம்! வாங்காத நன்கொடைக்கு ரசீது எழுதச் சொல்லி வருவார்கள். ஒரே ஒரு ரசீதில் அந்த அனுமதியே பறிபோகலாம்.

சரி, அசல் மானியமே கிடைத்துவிட்டது. இனி நிம்மதிதானா? அங்கேயும் உஷார்!

கீரைத் தோட்டத்துக்கென்று வந்த பணத்தில் வாடகை கட்டாதீர்கள். அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். திருடவேண்டும் என்று யாரும் தொடங்குவதில்லை. அவசரம் என்று எடுக்கிறோம், ரசீது தொலைகிறது, அறிக்கை கொடுக்கும் நாள் வருகிறது. மித்ரா விவகாரம் மறந்துவிட்டதா? அது அரசாங்கப் பணம். இந்திய சமுதாயத்துக்கென்று ஒதுக்கிய மானியம் எங்கே போனது என்று 2021-ல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. கைதுகள் நடந்தன. அன்று முதல், நேர்மையாக நடக்கும் நம் சங்கங்களையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம். பொருளாளர் கூலிமில் இருந்தாலும் சரி, கோலாலம்பூரில் இருந்தாலும் சரி, வந்து தொகையைப் பார்த்துப் போடட்டும். முத்திரையைப் பூட்டி வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகவேண்டும், சங்கச் சட்டம் 1966 சொல்வது அது. இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு, மானியம் என்றதும் ஓடிப்போய்ப் பார்த்தால் பதிவே ரத்தாகியிருக்கலாம். "அதையெல்லாம் நான் சரிக்கட்டித் தருகிறேன்" என்று வருவதற்கும் ஓர் ஆள் இருக்கிறார், நினைவிருக்கட்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உடனே 997. தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறி ஓடுவதற்குள் அழைக்கவேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் சொல்லுங்கள். போலீஸ் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்தால் சாட்சி போய்விடும். உங்கள் கடிதத்தாள் வெளியே போயிருந்தால், எந்த அறவாரியத்தின் பெயரைச் சொன்னார்களோ அங்கே நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். அக்கா அதைச் செய்யவில்லை. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று நான்கு மாதம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் அக்காவுக்கு மறுபடியும் ஓர் அழைப்பு. புதுக் குரல், பெண் குரல். "அம்மா, நீங்கள் ஏமாந்த 7,250 வெள்ளியை மீட்டுத் தரும் பிரிவிலிருந்து பேசுகிறோம். கோப்பைத் திறக்க 600 மட்டும் கட்டுங்கள்."

அந்தத் தொகை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். அக்கா யோசித்தார். பதில் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி, பச்சை ஃபைலையும் எடுத்துக்கொண்டு, இந்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார்.