கேட்டிக்காக ஒரு பிங்க் ரோபோ! - ரசிகர்கள் கையால் உயிர்பெற்ற ஆர்2-டி2

2005-ம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலம். கேட்டி என்ற 7 வயதுச் சிறுமிக்கு மூளையில் புற்றுநோய். இனி குணப்படுத்த முடியாது என்ற நிலை. அப்போது அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் தூங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆர்2-டி2 வேண்டும்!

'ஸ்டார் வார்ஸ்' படங்களைப் பார்த்தவர்களுக்கு ஆர்2-டி2-வை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு... நீலமும் வெள்ளையுமாக, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற தலையோடு, பீப் பீப் சத்தத்தாலேயே எல்லாவற்றையும் பேசிவிடும் குட்டி ரோபோ. 2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில், நாயகி பத்மே தூங்கும் அறையில் அது காவலுக்கு நிற்கும். அதே போன்ற காவல்தான் கேட்டிக்கும் வேண்டியிருந்தது.

கேட்டியின் அப்பா ஆல்பின் ஜான்சன், ஸ்டார் வார்ஸ் வேடம் போட்டு நற்பணிகள் செய்யும் '501-வது லீஜியன்' என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கியவர். மகளின் ஆசைக்காக அவர் பொம்மைக் கடைக்குப் போகவில்லை. 'ஆர்2-டி2 பில்டர்ஸ் கிளப்' ரசிகர்களிடம் உதவி கேட்டார். அசல் அளவில், நகர்ந்து, தலை திருப்பி, சத்தம் எழுப்பும் ஆர்2-வை வீட்டுப் பட்டறையிலேயே செய்பவர்கள் அவர்கள்.

ஒரு சினிமா ரோபோவை அப்படியே செய்வது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கிறீர்களா? பெரிய விஷயம்தான். ஏனென்றால், 'அப்படியே' என்பதற்கு இங்கே ஓர் அர்த்தமே இல்லாமல் இருந்தது.

விளக்கு மூடியில் பிறந்த தலை

முதல் 'ஸ்டார் வார்ஸ்' படம் 1977-ல் வெளியானது. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்த படங்களை வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் மாதிரி ஆர்2-வைச் செய்தார்கள். உடம்புக்கு பிளைவுட். தலைக்கு? ஒரு பழைய விளக்கின் மூடி! படத்தில் வந்த ஆர்2-வின் தலையில் புரொஜெக்டர் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள்கூட, விக்கர்ஸ் வைகவுண்ட் என்ற பழைய பயணிகள் விமானத்தின் சீட்டுக்கு மேலே இருந்த படிக்கும் விளக்குகள்தான்.

திரையில் நாம் பார்ப்பது ஒரே ஆர்2. ஆனால், படப்பிடிப்பில் இருந்தது ஒன்றல்ல. இரண்டு காலில் ஆடி ஆடி நடப்பது, 112 செ.மீ உயரமுள்ள நடிகர் கென்னி பேக்கர் உள்ளே உட்கார்ந்து இயக்கியது. மூன்று காலில் உருண்டு போவது ரிமோட்டில் ஓடியது. 1976-ல் துனிசியா பாலைவனத்தில் படம் எடுத்தபோது அந்த ரிமோட் அடிக்கடி மக்கர் செய்தது. 1980-ல் வந்த அடுத்த படத்துக்கு டோனி டைசன் 8 ஆர்2-க்களைச் செய்து கொடுத்தார். 2 ரிமோட்டுக்கு, 2 கென்னி பேக்கருக்கு, மீதி 4 சேற்றில் விழுந்து புரளும் காட்சிகளுக்கு.

2017-ல் ஓர் ஆர்2 அமெரிக்காவில் 27.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதுவும் வெவ்வேறு படங்களில் பயன்பட்ட பாகங்களைச் சேர்த்துக் கோத்ததுதான். அசலே இப்படியென்றால், நகல் எடுப்பவர் எதைப் பார்த்து எடுப்பார்?

ஸ்கேலும் கையுமாக ரசிகர்கள்

இந்தக் கேள்வியோடு 1999-ல் தொடங்கியதுதான் 'ஆர்2-டி2 பில்டர்ஸ் கிளப்'. தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவ் எவரெட். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, புகைப்படங்களை ஒப்பிடுவது, ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பது... இப்படியே பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்து வரைபடங்களை உருவாக்கினார்கள்.

நிறத்தில்கூட சிக்கல்தான். ஆர்2-வின் நீலம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும். அதோடு, அந்தக் காலத்தில் விண்வெளிக் காட்சிகளை நீலத் திரைக்கு முன்னால் எடுத்தார்கள். நீலமாக இருப்பதெல்லாம் காட்சியில் காணாமல்போய்விடும் என்பதால், முதல் படத்தில் விண்கலத்தில் உட்காரும் ஆர்2-வின் நீலப் பகுதிகளைக் கறுப்பாக்கியிருந்தார்கள். அந்தக் காட்சியை மட்டும் பார்த்து பெயின்ட் வாங்கினால் அவ்வளவுதான்!

இன்னொரு சவால், கால். படத்தில் ஆர்2 இரண்டு காலில் நிற்கும், உள்ளேயிருந்து மூன்றாவது கால் வரும், கிளம்பிவிடும். சினிமாவில் இதை எடிட்டிங்கில் சமாளிக்கலாம். வீட்டு ஹாலில் எடிட்டிங் ஏது? நிஜமாகவே கீழே விழாமல் கால் மாற்றிக் காட்ட வேண்டும். அதற்காகவே வருடக்கணக்கில் மெனக்கெட்டவர்கள் உண்டு.

பாதி அளவு... பாதி வேலையா?

இன்று த்ரீடி பிரின்டர் வந்துவிட்டது. அசல் அளவில் செய்ய இடமோ பணமோ இல்லாதவர்கள் பாதி அளவில் செய்கிறார்கள். பாதிதானே, சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

ஆர்2-வின் உயரம் சுமார் 109 செ.மீ. பாதி என்றால் 54.5 செ.மீ. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே பாதியாவதால், உள்ளே கிடைக்கும் இடம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மோட்டாரும் பேட்டரியும் நமக்காகச் சுருங்காதே! எதை எங்கே வைப்பது என்பதே பாதி தலைவலி.

தலையின் விட்டம் 46 செ.மீ-யிலிருந்து 23 செ.மீ-க்கு வந்துவிடும். வீட்டு பிரின்டர்கள் பலவற்றின் தட்டு 22 செ.மீ அகலம்தான். ஒரு சென்டிமீட்டரில் தவறிவிடும்! தலையைத் துண்டுகளாக அடித்து ஒட்ட வேண்டும்.

பிரின்டர் பிளாஸ்டிக்கை வரி வரியாக அடுக்கித்தான் உருவத்தைச் செய்யும். உருவம் சிறிதானாலும் அந்த வரியின் தடிமன் மாறாது. அதனால் சின்ன ஆர்2-வில்தான் வரிகள் துருத்திக்கொண்டு தெரியும். பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். அசலில் 1 மி.மீ இடைவெளி, இதில் அரை மி.மீ. பெயின்ட்டைக் கொஞ்சம் கெட்டியாக அடித்தால் இடைவெளியே அடைபட்டுப்போகும்.

ஆக, சிறியதைச் செய்யப் பெரிய பொறுமை வேண்டும்!

தேடி வந்த ஸ்டூடியோ

2013 ஜூலை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஸ்டார் வார்ஸ் ரசிகர் விழா. அங்கே தங்கள் ஆர்2-க்களோடு நின்றிருந்தார்கள் இங்கிலாந்து ரசிகர்கள். லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி சுற்றிப் பார்க்க வந்தார். "வேண்டுமானால் சொல்லுங்கள், நாங்கள் தயார்" என்ற அர்த்தத்தில் அவர்கள் விளையாட்டாகச் சொல்லிவைத்தார்கள்.

விளையாட்டு வினையாகவில்லை, வேலையானது! லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற இரு ரசிகர்களுக்கு ஜே.ஜே.ஆப்ரம்ஸ் இயக்கிய 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்துக்கு ஆர்2 செய்யும் வாய்ப்பு வந்தது. படத்தைப் பார்த்து ரோபோ செய்தவர்கள், படத்துக்கே ரோபோ செய்தார்கள்.

கேட்டியின் காவலாளி

கேட்டிக்கான ஆர்2-வுக்கு அவளுக்குப் பிடித்த பிங்க் நிறம் முடிவானது. அவள் பெயரையே ஒலிக்கும்படி 'ஆர்2-கேடி' என்று பெயரும் வைத்தார்கள். ஆனால், ஓர் ஆர்2-வை முழுதாகச் செய்ய மாதங்கள், சில நேரம் வருடங்கள் பிடிக்கும். கேட்டியிடம் அவ்வளவு நாள்கள் இல்லை.

கிளப் உறுப்பினர் ஒருவர் யோசிக்கவில்லை. தயாராக இருந்த ஓர் ஆர்2-வுக்கு பிங்க் நிறம் பூசி, 2005 ஜூலையில் கேட்டியின் வீட்டுக்கே கொண்டுபோனார். கேட்டி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நீலத்தின் ஒரு சாயல் மாறினாலும் மனம் ஒப்பாத கூட்டம் அது. அன்றைக்கு ஒரு குழந்தைக்காக மொத்த நிறத்தையும் மாற்றியது.

ஆகஸ்ட்டில் கேட்டி இறந்துபோனாள்.

ரசிகர்கள் வேலையை நிறுத்தவில்லை. அவளுக்காகத் தொடங்கிய நிஜ ஆர்2-கேடியை 2006-ல் செய்து முடித்தார்கள். அன்றிலிருந்து அது மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கப் போகிறது; நற்பணிகளுக்கு நிதி திரட்டுகிறது.

2015-ல் வெளியான 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, போராளிகளின் தளம் வரும் காட்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பின்னணியில் ஒரு பிங்க் ரோபோ தெரியும். கண் சிமிட்டினால் தவறவிடும் அளவுக்குச் சில விநாடிகள்தான்.

அதுதான் ஆர்2-கேடி. ஒரு சிறுமியின் தூக்கத்துக்குக் காவல் நிற்கப் பிறந்தது.