சத்தம் எப்போது வருகிறது?

"வண்டியில ஏதோ சத்தம் வருது, கொஞ்சம் கேளுங்கண்ணே" என்று பழைய புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், அடுத்த நொடியே ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டுவார்கள். முறுக்கினால் எல்லாச் சத்தமும் கலந்துவிடும். கேட்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. "இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்துடலாம்" என்பார். செலவு அங்கேதான் தொடங்குகிறது. அதனால் முதலில் வண்டியை அணைத்துவிடுங்கள் தம்பி. டீ சொல்லியிருக்கிறேன், குடித்துக்கொண்டே பேசலாம்.

நான் சொல்லப்போவது காஸ்ட் அயர்ன் இன்ஜின் போட்ட புல்லட் 350-ஐப் பற்றி. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் பிறந்த வண்டி இது. 1955-இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு திருவொற்றியூர்க்காரனாகிவிட்டது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., ஒரே சிலிண்டர். காதால் பழுது பார்க்க இதைவிட வசதியான இன்ஜின் கிடைக்காது. மெதுவாக ஓடும். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. இடது பக்கம் பிரைமரி செயினும் கிளட்சும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரும், வலது பக்கம் டைமிங் பல்சக்கரங்களும் ஆயில் பம்பும், மேலே ராக்கர்கள். அவரவருக்கு அவரவர் இடம்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அது எப்படி இருக்கிறது என்று வாயால் செய்து காட்டுவார்கள். டிக் டிக், டக் டக், டொக் டொக். ஒருவருடைய டக் இன்னொருவருக்கு டொக். அதை நம்பி எதையும் கழற்ற முடியாது. எப்போது வருகிறது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? சும்மா நிற்கும்போதா, ஏற்றத்தில் இழுக்கும்போதா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு காரியம். ஆயில் குச்சியை எடுத்து அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்த இன்ஜினில் எல்லாமே சத்தம் போடும், எதையும் நம்பக் கூடாது. அடுத்து மட்கார்டு, டூல் பாக்ஸ், சைலன்சர் கிளாம்ப், டேங்க் போல்ட், இன்ஜினின் தலையை ஃபிரேமோடு பிடிக்கும் பிராக்கெட் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் லூசான ஒரு வாஷர்கூட பெரிய கோளாறு மாதிரி நடிக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் வெடிக்கும். வால்வுகளும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் திறந்து மூடும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஐடிலிங் இருந்தால் சைலன்சரில் 500 'டப்'. சந்தேகத்துக்குரிய சத்தம் ஒரு டப்புக்கு ஒன்று வீதம் வந்தால் அது வால்வு, டேப்பட், கேம் பக்கம் இருக்கலாம், அல்லது வெடிப்போடு சேர்ந்ததாக இருக்கலாம். ஒரு டப்புக்கு இரண்டு வந்தால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று உரசுகிறது. இது முதல் சல்லடைதான், தீர்ப்பு இல்லை. பிஸ்டனும், கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டும் வெடிக்கும் நேரத்தில்தான் பலமாக அடிக்கும் என்பதால் அவையும் டப்புக்கு ஒன்று என்றே காதில் விழலாம்.

இரண்டாவது சல்லடை கிளட்ச். நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்சைப் பிடியுங்கள். சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள். பிடித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச். மாறவே இல்லையென்றால் இன்ஜின் அல்லது பிரைமரி செயின். ஓட்டும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். நாலு கியர் புல்லட்டில் டாப் கியர் நேரடி ஓட்டம், பல்சக்கரங்கள் வழியாகச் சக்தி போகாது. மூன்றாவது கியரில் ஊளையிட்டு டாப் கியரில் அடங்குகிற சத்தம் கியர் பல்லுடையது.

மூன்றாவது, நீளமான திருப்புளி. நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். ராக்கர் கவர், டைமிங் கவர், பிரைமரி கவர், சிலிண்டரின் அடி என்று வரிசையாக நகர்த்தினால் சத்தம் எங்கே பெருகுகிறதோ அதுதான் இடம். துண்டையும் வேட்டி நுனியையும் செயினுக்குத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்களைப் பார்ப்போம். அதிகம் குற்றம் சாட்டப்படுவது டேப்பட். லேசான, சீரான டிக் டிக். சிலிண்டரின் வலது பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளும் தெரியும். அட்ஜஸ்ட் செய்யும் திருகும் அங்கேதான், ராடுகளின் அடியில். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு டீ குடிக்கும் நேரம் போதாது, மறுநாள் காலையில் பாருங்கள். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும். அதற்கு ஆம்பியர் மீட்டரே வழிகாட்டும். லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். இக்னிஷன் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கிருந்து இம்மி நகர்த்தினால் உச்சி. சாவியை அணைத்துவிட்டு புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். இன்லெட் ராடு தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் ராடு அதைவிட ஒரு பொடி தளர்வாக இருக்கலாம்.

சத்தமே வரக் கூடாது என்று இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. இறுகிய வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். லேசாக டிக் டிக் கேட்கும் காஸ்ட் அயர்ன் புல்லட் ஆரோக்கியமான வண்டி. ஒருநாள் திடீரென்று மௌனமாகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

டேப்பட் வேஷம் போடும் இன்னொன்று, புகைக் குழாயான பெண்ட் பைப்பின் கசிவு. ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் புகை கசிந்தால் அதுவும் டிக் டிக் என்றே கேட்கும். லோடு ஏறினால் 'சஃப் சஃப்' என்று மாறும். மூட்டைச் சுற்றிக் கரிப்பூச்சு தெரிகிறதா என்று பாருங்கள். டேப்பட்டை எத்தனை தடவை திருகினாலும் இந்தச் சத்தம் போகாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கட கட என்று மந்தமாக வந்து, ஐந்து நிமிடம் ஓடியதும் குறைந்துவிட்டால் அது பிஸ்டன் தட்டுவது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிரில் இருக்கும் இடைவெளி சூடானதும் சுருங்கிவிடுகிறது. சூட்டில் மறையும் வரை ஓட்டலாம். சூடான பிறகும் நீடித்து, சைலன்சரில் நீலப் புகையும் சேர்ந்தால் போர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏற்றத்தில், டாப் கியரில், மெதுவான வேகத்தில் ஆக்சிலேட்டரைத் திறந்தால் சில்லறையைக் குலுக்கினாற்போல் கிணிகிணி என்று வருவதை நாக்கிங் என்பார்கள். ஆக்சிலேட்டரை மூடினால் அந்தக் கணமே நிற்கும். எந்தப் பாகமும் உடையவில்லை, வெடிப்புதான் முறைதவறி நடக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா, டைமிங் முன்னால் போய்விட்டதா, ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்து எடைகள் விரிந்தபடியே நிற்கின்றனவா என்று பாருங்கள். கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதும் இதே கோளாறின் இன்னொரு முகம். ஹெட்டில் கரி அடைந்திருந்தாலும், கார்ப்பரேட்டர் மூட்டில் காற்று புகுந்தாலும் நாக்கிங் வரும். இதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இடது பக்கம் ஒழுங்கில்லாமல் கட கட, ஐடிலிங்கில் அதிகம், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் அடங்கும் என்றால் பிரைமரி செயின் தொய்ந்து கவரில் அடிக்கிறது. அந்தப் பெரிய கவர் முழுவதும் நடுவில் ஒரே நட்டில்தான் நிற்கிறது. கழற்றினால் உள்ளே அலுமினியத்தில் செயின் கிழித்த பளபளப்பான கோடு தெரியும். செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் சுமார் 6 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். சுற்றுக்கு ஒன்று வீதம் சரக் சரக் என்றால், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ரோட்டர் ஸ்டேட்டரை உரசுகிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். வலது பக்க டைமிங் கவருக்குள் கேட்கும் மெல்லிய விர்ர்ர் இந்த வண்டியின் பிறவிக் குணம். அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பயப்பட வேண்டிய ஒன்று. அடியிலிருந்து கனமான டொக் டொக். காலில் ஃபுட்ரெஸ்ட் வழியாகவே உணரலாம். சூடேற ஏற, லோடு ஏற ஏறக் கூடும். அது பிக் எண்ட். பழைய புல்லட்டில் அங்கே ரோலர் பேரிங் கிடையாது, கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவில் மிதக்கும் ஒரு புஷ்தான். அதன் உயிர் ஆயிலில் இருக்கிறது. வண்டியை அங்கேயே அணைத்து, ஏற்றிக்கொண்டு போங்கள். "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைத்தால் ராடு உடைந்து கிராங்க் கேஸையும் கொண்டுபோய்விடும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். காலையிலும் சூடான பிறகும் ஒரே மாதிரி, ஐடிலிங்கில் அதிகம், கிளட்சைப் பிடித்தாலும் போகவில்லை, திருப்புளி வைத்தால் இடது கவரில் பலமாகக் கேட்கிறது, சற்று முறுக்கினால் அடங்குகிறது. மெக்கானிக்கிடம் 'சத்தம் வருது' என்று சொல்லாமல், இதே வரிசையில் சொல்லுங்கள். இன்ஜினைப் பிரிக்கிற பேச்சே வராது. பிரைமரி கவருக்கு ஒரு புது கேஸ்கெட் வாங்கிக்கொண்டு போங்கள், கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.