வேம்பா, மலைவேம்பா? கன்றிலேயே கண்டுபிடியுங்கள்!

ஆடி, ஆவணி வந்தால் தோட்டத்தில், பூந்தொட்டி ஓரத்தில், ஏன், மொட்டை மாடி விரிசலில்கூட குட்டிச் செடிகள் தலைகாட்டும். எல்லாம் காக்காயும் வௌவாலும் போட்ட விதைகள்தான். 'அட, வேப்பங்கன்னு!' என்று சந்தோஷப்பட்டு, கொழுந்தைக் கிள்ளி அரைத்துக் குழந்தைக்குப் பூச்சி மருந்தாகக் கொடுக்கிற வீடுகள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அது மலைவேம்பாக இருந்தால்?

'கசந்தா வேம்பு' என்று வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். மலைவேம்பும்தான் கசக்கும். எங்கள் மருத்துவத்தில் அதுவும் மூலிகையே. ஆனால், அளவு தெரியாமல் உள்ளே போனால் வாந்தி, பேதி, மயக்கம் வரை இழுத்துவிடும். அதன் பழம் இன்னும் மோசம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முளைத்ததும் விரிகிற இரண்டு தடித்த இலைகள் விதையிலைகள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்து வரும் ஒன்றிரண்டு இலைகளும் ஏமாற்றும். இரண்டு கன்றிலும் வெட்டு வெட்டாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஏழெட்டு இலை விடட்டும். அப்புறம் ஒரு முழு இலையைக் காம்போடு எடுத்துப் பாருங்கள்.

வேம்பில் நடு ஈர்க்கின் இரு பக்கமும் நேரடியாகச் சிற்றிலைகள் இருக்கும். அரிவாள் மாதிரி வளைந்து, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். சிற்றிலையின் அடிப்பக்கம் ஒரு பாதி பெருத்து, மறு பாதி சிறுத்திருக்கும். மலைவேம்பிலோ நடு ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கும். முருங்கைக்கீரை ஆயும்போது பார்த்திருப்பீர்களே, அந்த அமைப்பு!

இன்னொரு வழி, தூரில் மண்ணை விரலால் விலக்குவது. வேப்பங்கொட்டைக்கு நீளவாக்கில் மெல்லிய, வழவழப்பான ஓடு. மலைவேம்புக் கொட்டை கல் மாதிரி, வரிவரியாக இருக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகூடக் கிளம்பும். வேப்பவிதைக்கு உயிர் சில வாரங்கள்தான். அதனால் பழம் உதிர்கிற சமயத்தை ஒட்டியே முளைத்துவிடும். மாசியில் திடீரென்று முளைத்தால் சந்தேகப்படுங்கள்.

கறிவேப்பிலையில் இந்தக் குழப்பமே இல்லை, கசக்கினால் வாசனை காட்டிக்கொடுக்கும். தாய்ச்செடியைச் சுற்றி வருகிற கன்றுகள் பலவும் வேரிலிருந்து வெடித்தவை.

சந்தேகம் தீரவில்லையா? கொழுந்தை மட்டும் கிள்ளி வராமல், முழு இலையோடு பக்கத்துச் சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை ஏற்கெனவே தின்றுவிட்டது என்றால் வீட்டில் வாந்தி எடுக்க வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.