கம்பெனி நிறுத்தியது, பாட்டு நிற்கவில்லை



"இனிமே இந்த அயிட்டம் வராதுங்க, கம்பெனியிலேயே நிறுத்திட்டாங்க" என்று ஏஜென்சி ஆள் வந்து சொல்லாத வருடம் நம் தொழிலில் ஏது? ஒரு வருடம் ஒரு சோப்பு நிற்கும், மறு வருடம் ஒரு பற்பசை நிற்கும். நாம் இருப்பை எண்ணிப் பார்த்து, இருக்கும் வரை விற்றுத் தீர்ப்போம். வாடிக்கையாளர் இரண்டு தடவை கேட்பார். மூன்றாம் தடவை வேறு சோப்புக்கு மாறிவிடுவார். ஏற்கெனவே அவர் வாங்கிச் சென்ற சோப்பு, கம்பெனி நிறுத்திவிட்டது என்பதற்காக நுரைக்காமல் போவதில்லை. விற்ற சரக்கு விற்றதுதான்.

இன்று இந்தக் கணக்குக்கு அடங்காத சரக்கு ஒன்று பெருகி வருகிறது. பணம் கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்த பிறகும், அது ஓட வேண்டுமானால் எங்கோ தூரத்தில் உள்ள கம்பெனியின் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணினியைக் கம்பெனி அணைத்துவிட்டால், வாங்கியவர் கையில் இருப்பது வெறும் பெட்டி. இப்படிப்பட்ட சரக்கு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நல்ல பாடம். பாட்டுப் பெட்டியின் கதைதான். ஆனால் நம் கல்லாப்பெட்டிக்கும் அதில் செய்தி உண்டு.

பெட்டி வந்த கதை

2000 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'ஸ்லிம் டிவைசஸ்' என்ற சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த நாளில் பலர் தங்கள் இசைத் தட்டுகளைக் கணினியில் பதிந்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் கணினி ஓர் அறையில், நல்ல ஒலிபெருக்கி வேறோர் அறையில். இரண்டையும் இணைக்க 2001 இல் 'ஸ்லிம்பி-3' என்ற பெட்டியை இந்த நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003 இல் கம்பி இல்லாமலே வேலை செய்யும் 'ஸ்க்வீஸ்பாக்ஸ்' வந்தது. பின்னாளில் இந்த வரிசை முழுவதற்கும் அதுவே பெயராக நிலைத்தது.

வேலை செய்யும் விதத்தை நம் பாஷையில் சொன்னால் எளிது. வீட்டுக் கணினிதான் கிடங்கு. பாட்டுகள் எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக இருக்கின்றன. கிடங்கில் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. அதுதான் சர்வர் மென்பொருள். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற பேரேடு அவரிடம். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்பது முன்கட்டில் உள்ள கடை. ரிமோட்டை அழுத்திப் பாட்டைக் கேட்டால், கணக்குப்பிள்ளை கிடங்கிலிருந்து எடுத்து அனுப்புவார். பெட்டி அதை ஒலியாக மாற்றித் தரும். ஒரு வீட்டில் நாலு அறையில் நாலு பெட்டி வைத்து, நாலிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பிசகாமல் பாடவைக்கலாம். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

இன்னொரு முக்கியமான செய்தி. இந்தக் கணக்குப்பிள்ளை மென்பொருளை நிறுவனம் பூட்டி வைக்கவில்லை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டது. விவரம் தெரிந்த வாடிக்கையாளர்கள் தாங்களே அதில் புதுப்புது வசதிகளைச் சேர்த்தார்கள். இந்த ஒரு முடிவின் அருமை பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

கை மாறியது, பிறகு நின்றது

2006 அக்டோபரில், கணினி மவுஸ், கீபோர்டு விற்பனையில் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் 'லாஜிடெக்' நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை 2 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் வரிசை விரிந்தது. 1,999 டாலர் விலையில் டிரான்ஸ்போர்ட்டர் என்ற உயர்ரகப் பெட்டியும் இருந்தது. 200 டாலர் அளவில் சிறிய ரேடியோவும் இருந்தது. வீட்டுக் கணினியைப் போடாமலே இணைய வானொலி கேட்பதற்காக நிறுவனம் தன் செலவில் ஒரு பொதுச் சர்வரையும் இணையத்தில் நடத்தி வந்தது.

2012 ஆகஸ்டில் லாஜிடெக், 'யூஇ ஸ்மார்ட் ரேடியோ' என்ற புதிய பெயரில் ஏறக்குறைய 180 டாலர் விலையில் ஒரு ரேடியோவை அறிவித்தது. அதோடு ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசையே நிறுத்தப்பட்டது. உருவத்தில் புதியது பழைய ரேடியோவை ஒத்திருந்தது. ஆனால் பழைய பெட்டிகளோடு ஒன்றாகச் சேர்ந்து பாடாது. நாலு அறைக்கு நாலு பெட்டி வாங்கியவர் ஐந்தாவது வாங்கப் போனால், கடையில் இருப்பது அவர் வீட்டுக்குப் பொருந்தாத சரக்கு. அந்தப் புதிய ரேடியோவும் நெடுநாள் ஓடவில்லை.

அப்போது நிறுவனத்தின் நிலைமையும் சரியில்லை. 2010 இல் 299 டாலர் விலையில் 'ரெவ்யூ' என்ற தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே 99 டாலருக்குத் தள்ள வேண்டியதாயிற்று. ஒரு காலாண்டில் அந்தப் பெட்டி விற்றதைவிடக் கடைகளிலிருந்து திரும்பி வந்ததே அதிகம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. சந்தையும் மாறிக்கொண்டிருந்தது. கைப்பேசியிலேயே பாட்டு, மாதக் கட்டணத்தில் பாட்டு என்று வந்தபின், கிடங்கு, கணக்குப்பிள்ளை என்று வீட்டில் வைத்துக் கட்டி ஆள்பவர்கள் குறைந்தார்கள். வியாபாரத்தில் இது இயற்கை. நிறுத்தியதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. விற்றுவிட்ட சரக்கின் கதி என்ன என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு ஆண்டு கழித்து

2012 இல் உற்பத்தி நின்றாலும் இணையத்தில் இருந்த பொதுச் சர்வரை லாஜிடெக் உடனே அணைக்கவில்லை. 2024 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அது ஓடியது. ஒரு காசு புது வரவில்லாத சரக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு பராமரிப்பு என்பது பாராட்டத்தக்கதுதான். ஆயினும் ஒருநாள் அணைந்தது. வீட்டில் கணக்குப்பிள்ளையை வைத்துக்கொள்ளாமல் அந்தப் பொதுச் சர்வரை மட்டும் நம்பியிருந்தவர்களின் பெட்டி அன்றைக்கு ஊமையாயிற்று.

ஆனால் அது உயிர் போன ஊமை அல்ல. மென்பொருள் திறந்த உரிமத்தில் இருந்ததால், பயன்படுத்துவோரே ஒன்றுசேர்ந்து அதைத் தொடர்ந்து வளர்த்து வந்திருந்தார்கள். 2024 இல் அதற்கு 'லிரியன் மியூசிக் சர்வர்' என்று புதுப்பெயரும் வைத்தார்கள். அதை இலவசமாக எடுத்து வீட்டுக் கணினியில் நிறுவிக்கொண்டால், பழைய பெட்டி மறுபடி பாடும். உள்ளங்கை அளவுள்ள 'ராஸ்பெரி பை' என்ற சிறு கணினி இருந்தாலும் போதும். பெட்டி செய்த கம்பெனி விலகிவிட்டது. கிடங்கும் கணக்குப்பிள்ளையும் வாங்கியவரிடமே இருந்ததால் பாட்டு நிற்கவில்லை.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. இதே தொழிலில் உள்ள 'சோனோஸ்' நிறுவனம், பழைய கருவியைக் கழித்துப் புதியது வாங்கினால் 30 சதவீதம் தள்ளுபடி என்றது. தள்ளுபடி வேண்டுமானால் பழைய கருவியை இனி யாருக்கும் பயன்படாதபடி முடக்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிலையில் உள்ள சாமானை வீணாக்குவதா என்று கண்டனம் எழுந்து, 2020 இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. அதே 2020 ஜனவரியில், பழைய கருவிகள் சிலவற்றுக்கு மே மாதத்துக்குப் பின் புதிய மென்பொருள் கிடையாது என்று அறிவித்தபோது எழுந்த கோபத்தில், நிறுவனத் தலைவரே சில நாட்களில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

கூகுள் நிறுவனம் 'குரோம்காஸ்ட் ஆடியோ' என்ற 35 டாலர் கருவியை 2019 இல் நிறுத்தி, மீதியை 15 டாலருக்குத் தள்ளியது. மலிவு என்று வாங்கியவர்கள் பலர். 2025 மார்ச்சில் ஒருநாள் அவை வேலை செய்ய மறுத்தன. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்துபோனதே காரணம். நிறுவனம் சில நாட்களில் சரிசெய்தது. செய்யாமல் விட்டிருந்தால், பழுதே இல்லாத கருவி குப்பைக்குப் போயிருக்கும்.

நமக்கு இதில் என்ன?

மளிகைக் கடைக்காரனுக்குப் பாட்டுப் பெட்டியால் என்ன என்று கேட்கலாம். நம் கல்லா மேசையைப் பாருங்கள். காசு வந்ததும் குரல் கொடுக்கும் பெட்டி இருக்கிறது. அதுவும் கம்பெனியின் சர்வர் சொன்னால்தான் பேசும். பலரும் அதற்கு மாத வாடகை கட்டுகிறோம். வாடகைப் பொருள் என்று தெரிந்தே வைத்திருக்கிறோம், அதில் ஏமாற்றம் இல்லை. கண்காணிப்புக் கேமரா, பில் போடும் மென்பொருள் இவற்றைச் சொந்தமென்று நினைத்து வாங்குகிறோமே, அங்கேதான் கவனம் வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பில் மென்பொருள் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், காலையில் திறந்தால் திறக்கவில்லை. அவர்கள் தொழிலை மூடிவிட்டார்கள். அவர்களுடைய சர்வர் அனுமதி கொடுத்தால்தான் மென்பொருள் திறக்குமாம். மூன்று வருடத்துப் பற்று வரவு உள்ளே சிக்கிக்கொண்டது. பற்று வைத்திருந்த வாடிக்கையாளர்கள், "அண்ணாச்சி, என் பாக்கி இவ்வளவு" என்று தாமாக வந்து சொன்னதால் பெரும்பகுதி தப்பியது. கணக்கைக் காப்பாற்றியது கணினி அல்ல, மனிதர்களின் நாணயம். எப்போதும் அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

ஆகவே வாங்கும்போதும் விற்கும்போதும் நாலு கேள்விகளை மனதில் வைப்போம்.

1. இணைய இணைப்பைத் துண்டித்தால் கருவி எந்த அளவு வேலை செய்கிறது? வாயால் சொல்வதைக் கேட்காமல், துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. நம் கணக்கு நம்மிடம் இருக்கிறதா? வேறு மென்பொருளும் படிக்கும் சாதாரணக் கோப்பாக எடுத்து வைக்க முடியுமா? முடியுமானால் மாதம் ஒருமுறை எடுத்துத் தனியே வையுங்கள்.

3. சர்வரை எத்தனை ஆண்டு நடத்துவார்கள்? "அதெல்லாம் லைஃப்டைம் சார்" என்பது பதில் அல்ல. ஆண்டுக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

4. நிறுத்தப்பட்ட வரிசையைத் தள்ளுபடியில் விற்க நேர்ந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லி, ரசீதிலும் எழுதுங்கள். கம்பெனி தராத உத்தரவாதத்தை ஆர்வத்தில் நாம் தரவேண்டாம்.

நாலாவது கேள்வி நம் மானத்தைச் சார்ந்தது. கருவி ஊமையானால் வாடிக்கையாளர் சுவிட்சர்லாந்துக்கோ கலிபோர்னியாவுக்கோ போகப் போவதில்லை. ரசீதில் யார் கடைப் பெயர் இருக்கிறதோ, அந்தக் கடை வாசலுக்குத்தான் வருவார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிய வேண்டுமானால், விற்கும் அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைச் சாவியை இரவில் நாம் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. நம் கணக்கின் சாவியும் நம் மடியிலேயே இருக்கட்டும்.