துயரச் செய்தியின் பாஷை

செப்டெம்பர் 3ஆந் திகதி வந்துவிட்டால், 1866இல் ஸ்தாபிதமான இலங்கைப் பொலிஸின் நிறைவாண்டை முன்னிட்டுப் பிரித் ஓதுதலும், கோவில்களிலே விசேட பூசையும், தேவாலயங்களிலே திருப்பலியும், பள்ளிவாசல்களிலே துஆப் பிரார்த்தனையும் நிகழ்வது வழமை. ஆயின் மறுநாள் இரவு, வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்திலே சிதைந்து கிடந்த சரீரத்தைக் காவல் காத்துவிட்டுத் திரும்பும் கொன்ஸ்டபிளின் அருகில் அமர்ந்து, அவன் நெஞ்சின் பாரத்தைக் கேட்க வருபவர் யார்?

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அதற்கென்றே ‘சாப்ளேன்’ எனப்படும் ஆன்ம குரு உளர். பெரும்பாலும் வேதனமின்றியே அவர் ரோந்து வண்டியில் உடன் செல்வார்; கேட்ட இரகசியத்தைக் காப்பார்; அகால மரணத்தை அறிவிக்க உத்தியோகத்தர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது தாமும் வாசலில் நிற்பார். அமெரிக்காவில் 1973இல் இத்தகையோருக்கென ஒரு சர்வதேச சபையே தோன்றிற்று.

இங்கே அத்தேவை இல்லையென்று கொட்டாஞ்சேனையை அறிந்த எவரும் சொல்லார். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமொன்றைத் தொட்டு அங்கே கலகம் மூண்டது; 2019 ஏப்ரல் 21, மற்றுமோர் உயிர்த்த ஞாயிறன்று, அயலிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. அன்றே தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கச் சென்ற பொலிஸார் மூவர் மாண்டனர். அவர்களுடைய சகபாடிகள் அடுத்த நாளும் கடமைக்குச் சென்றவர்களே.

மனநல வைத்தியர் போதுமே, அரச திணைக்களத்துள் சமயம் எதற்கு என்பாருமுளர், அதிலும் நியாயமுண்டு.

எனினும் என் கவலை வேறு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் நள்ளிரவிலே, தமிழன்றி வேறறியாத ஒரு தாயின் வாசலில், மகன் விபத்தில் இறந்தானென்பதைச் சிங்களத்திற் சொல்ல நேரும் உத்தியோகத்தருக்கு அத்திருத்தம் என்ன துணை? பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையை எழுப்பி மொழிபெயர்க்கச் சொன்னால், அவ்வொரு வாக்கியத்தை அப்பிள்ளை ஆயுள் முழுதும் சுமக்கும். சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து திரும்பும் உத்தியோகத்தரும் சுமப்பார்.

புனித லூசியாள் பேராலயமும், பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயமும், தீபதுத்தாராம விகாரையும் அமைந்த இந்நகர்ப்புறத்திலே, இரு பாஷையும் அறிந்த குருமார், ஐயர்மார், பிக்குமார், மௌலவிமார் சிலர் முறை வைத்து இரவில் உடன் செல்ல முன்வருதல் அரிதன்று. அவர்களைத் தெரிவு செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்: சாஸ்திர ஞானத்தைப் பின்னர் பரீட்சியுங்கள்; அத்தாயின் பாஷை தெரியுமாவென முதலிற் கேளுங்கள்.