ஐந்து நிமிட மேடை

2013 மார்ச் 15. கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில், பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் பைகான் மாநாடு. சாலமன் ஹைக்ஸ் என்பவர் மேடையேறினார். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஐந்தே நிமிடம். கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் ‘ஹலோ வேர்ல்டு’ என்று வந்தது. நிரல் எழுதப் பழகுபவர்கள் முதல் நாளில் வரவழைத்துப் பார்க்கும் அதே வரிதான். ஆனால் அது ஓடிய விதம் வேறு. அன்று அரங்கேறியது டாக்கர் என்னும் கருவி. அது பரப்பிய கன்டெய்னர் முறையில்தான் இன்று இணையச் சேவைகள் பலவும் இயங்குகின்றன.

‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்பது நிரலாளர்களின் பழைய புலம்பல். ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொன்றில் படுத்துவிடும். அதற்கு வேண்டிய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்தொகுப்பு, அங்கே இருக்காது, இருந்தாலும் வேறு பதிப்பாக இருக்கும். கன்டெய்னர் என்பது கட்டுச்சோறு மாதிரி. நிரலோடு அதற்குத் தேவையான லைப்ரரிகளையும் கோப்புகளையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுவதால், போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ என்ற கவலை இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒன்றையே பல கன்டெய்னர்கள் பகிர்ந்துகொள்ளும். ஆனாலும் ஒன்றின் விவகாரம் மற்றொன்றுக்குத் தெரியாது. இதற்கான வசதிகள் லினக்ஸில் முன்பே இருந்தன. ஒரு கட்டளையில் எவரும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் ஹைக்ஸ் காட்டினார்.

ஹைக்ஸ் நிகழ்த்தியது போன்ற ஐந்து நிமிடக் குட்டி உரைக்கு லைட்னிங் டாக் என்று பெயர். 1997இல் பைத்தான் மாநாட்டில் தொடங்கிய பழக்கம் இது. பெயர் வைத்தவர் மார்க் ஜேசன் டொமினஸ். 2000இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த பெர்ல் மொழி மாநாட்டுக்காக. அந்த மாநாட்டின் பெயரே ஒரு கேலி: ‘யாப்சி 19100’. பெர்ல், ஆண்டை 1900இலிருந்து எண்ணித் தரும். 1999க்கு 99, 2000க்கு 100. அந்த எண்ணுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ‘19’ ஒட்டிய நிரல்கள், புத்தாயிரம் பிறந்ததும் 19100 என்று காட்டின. தங்கள் தொழிலின் பிழையையே மாநாட்டுக்குப் பெயராக வைத்துச் சிரிக்கிற கூட்டம், அரைவேக்காட்டு முயற்சிக்கும் மேடை தருவதில் வியப்பில்லை.

முழுநீள உரைக்கு மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்குழு பார்த்துச் சலித்தெடுக்கும். போன வாரம் உருவான ஒன்று அந்த வழியில் நுழையவே முடியாது. லைட்னிங் டாக்குக்கோ, மாநாட்டுக்கு வந்த இடத்திலேயே பெயர் கொடுத்தால் போதும். பேச்சு சொதப்பினாலும் நஷ்டம் ஐந்து நிமிடம்தான் என்பதால் யாரையும் வடிகட்ட வேண்டியதில்லை. டாக்கர் எழுதப்பட்டது பைத்தானில்கூட அல்ல, கோ மொழியில். பைத்தான் மாநாட்டில் அதற்கு இடம் கிடைத்தது இந்தத் தாராளத்தால்தான்.

பைகானில் உரைகள் எல்லாம் முடிந்த பிறகு, சில நாள் ஸ்பிரின்ட் நடக்கும். பேசியவரும் கேட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரல் எழுதுவார்கள். முழுதாக முடித்துவிட்ட வேலையைக் காட்டினால் கைதட்டு கிடைக்கும். பாதியில் நிற்பதைக் காட்டினால் அந்த மேசைக்கு ஆள் வரும்.