ஜலகண்டமும் அலைச்சறுக்கும்

என் பெரிய பெண்ணுக்கு ஜாதகத்தில் ஜலகண்டம் இருக்கிறது என்று, அவளுக்கு ஒரு வயசு ஆகும் முன்பே ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

எங்கள் ஊர் கும்பகோணம். குளத்துக்கும் படித்துறைக்கும் பஞ்சமில்லாத ஊர். மற்றக் குழந்தைகள் காவிரியில் குதித்துக் கும்மாளம் போடும்போது என் பெண் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பாள். ஆடிப்பெருக்கன்றுகூட அவளைப் படியில் உட்கார வைத்து, சொம்பில் மொண்டு தலையில் விடுவேன். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு என்று கடிதம் வந்தபோது, கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினேன். "பேத்தியைக் கண்ணாடிப் பெட்டியில வச்சே வளர்த்துடு" என்று என் மாமியாரே கேலி செய்திருக்கிறார்.

அப்படி வளர்ந்தவள் மேல்படிப்புக்குப் போய்ச் சேர்ந்த ஊரோ ஆஸ்திரேலியாவில் சிட்னி! எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் கண்ணில் படுகிற ஊர். 2023 பிப்ரவரியில் விமானம் ஏறினாள். நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை, "கடல் பக்கம் மட்டும் போயிடாதேடி" என்பதுதான். "சரிம்மா" என்று தலையாட்டினாள்.

2024 ஜனவரியில் ஒரு மாதம் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்று நானும் போனேன். அங்கே அப்போது நல்ல கோடை. போன மூன்றாம் நாள் ராத்திரி நான் தோசை வார்த்துக் கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, சனிக்கிழமை மேன்லி கடற்கரையில எனக்கு முதல் சர்ஃபிங் கிளாஸ். பணம் கட்டியாச்சு. நீயும் வாயேன்."

சர்ஃபிங் என்றால் அலைச்சறுக்கு. நீளப் பலகை மேல் ஏறி நின்று, அலையோடு சறுக்கிக்கொண்டு கரைக்கு வருகிற விளையாட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லில் இருந்த தோசை தீய்ந்து போயிற்று. அப்புறம் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் நாலு இட்லியைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டேன். பெற்ற மனசு வீட்டில் உட்காருமா?

படகில் உடைந்த ரகசியம்

சர்குலர் கீ என்ற துறையிலிருந்து மேன்லிக்குப் பெரிய படகு போகிறது. அரை மணி நேரப் பயணம். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கோவிச்சுக்காம கேளு."

சிட்னிக்குப் போன அடுத்த மாதமே சிநேகிதிகளோடு ஒரு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அலை அடிக்கிற இடத்தில் இறங்கப் பயம். அதனால் அலையே இல்லாமல், அமைதியாகத் தெரிந்த இடமாகப் பார்த்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே மணல் நழுவியது. இரண்டு நிமிஷத்தில் கரை எங்கேயோ போய்விட்டது. மூச்சு முட்டி, உப்புத் தண்ணீரைக் குடித்துத் தத்தளித்தவளை, காவலில் இருந்த ஒரு பெண்மணி மீட்புப் பலகையில் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் வெலவெலத்துவிட்டது. ஒன்பது மாதத்துக்கு மேலாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"சொன்னா படிப்பை நிறுத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன்னு பயம்" என்றாள். அது நிஜம்தான். அப்படித்தான் செய்திருப்பேன்.

பிறகு விவரமாகச் சொன்னாள். கரையில் வந்து மோதுகிற தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போக, வாய்க்கால் மாதிரி ஒரு பாதை பிடித்துக்கொள்ளுமாம். அதை 'ரிப்' என்கிறார்கள். அந்த இடத்தில் ஆழம் கொஞ்சம் அதிகமாக இருப்பதால் அலை அவ்வளவாக உடையாது. தண்ணீர் சற்றுக் கருமையாக, சாதுவாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குவார்களாம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபது வருஷமாக என் பெண்ணுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லிக் கொடுத்தது பயம் ஒன்றைத்தான். அந்தப் பயம்தான் அவளை அலை இல்லாத இடத்தைத் தேடிப் போகச் சொல்லியிருக்கிறது.

காப்பாற்றிய பெண்மணி, "முதலில் நீச்சல் கற்றுக்கொள்" என்று கண்டிப்பாகச் சொன்னாராம். இவளும் உடனே நீச்சல் குளத்தில் சேர்ந்து, வாரம் மூன்று நாள் பழகி, நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்துகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் இந்த வகுப்பு.

மணலில் முதல் பாடம்

படகை விட்டு இறங்கி, கடைவீதி வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சமுத்திரம். கரையோரம் வரிசையாக உயரமான பைன் மரங்கள். வகுப்பில் எட்டுப் பேர். சொல்லிக் கொடுத்தவர் என் வயசுப் பெண்மணி. "நீச்சல் தெரியுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

தண்ணீருக்குள் போவதற்கு முன் அரை மணி நேரம் மணலிலேயே பாடம். பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் பலகை எட்டு, ஒன்பது அடி நீளம், மேலே மெத்தென்று இருக்கிறது. தலையில் இடித்தாலும் அடி பலமாகப் படாது. பின்னால் வைக்கும் காலில் ஒரு கயிற்றைக் கட்டிப் பலகையோடு இணைத்துவிடுகிறார்கள். விழுந்தாலும் பலகை விட்டுப் போகாது.

குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துழாவுவது போல் பழகினார்கள். பிறகு உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து, முழங்காலை மடித்து நிற்க வேண்டும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, கரையில் இருக்க வேண்டும். விழுவதற்கும் பாடம் உண்டு. தலைகுப்புற விழக் கூடாது, தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். தண்ணீரில் நிற்கும்போது தனக்கும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது.

'இவ்வளவு முறையாகச் சொல்லித் தருகிறார்களே' என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

பக்கத்தில் இருந்த பாட்டி

என் பக்கத்தில் வயசான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர். அவருடைய பேத்தியும் அதே வகுப்பில். என் கை நடுங்குவதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். என் அரைகுறை இங்கிலீஷுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்ன கதை எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு காலத்தில் இதே மேன்லியில் பகல் வேளையில் கடலில் குளிக்கத் தடை இருந்ததாம். 1902ல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், தடையை மீறப் போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுக் கடலில் இறங்கினார். மறு வருஷம் தடை தளர்ந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள், பலர் மூழ்கவும் செய்தார்கள். அதற்காக மறுபடியும் கடலைப் பூட்ட முடியுமா? உயிர் காக்கும் சங்கங்களை ஆரம்பித்தார்கள். 1907ல் அவை ஒன்றுசேர்ந்து பொதுச் சங்கமே ஏற்பட்டது. இன்றும் சிவப்பு மஞ்சள் தொப்பியோடு காவல் நிற்பவர்களில் மிகப் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

பக்கத்துக் கடற்கரையான ஃப்ரெஷ்வாட்டரில், ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹனமோகு 1914-15 கோடையில் அலைச்சறுக்கைச் செய்து காட்டினார். இசபெல் லெதம் என்ற 15 வயசுப் பெண்ணையும் தம் பலகையில் ஏற்றிக்கொண்டார். அந்தப் பெண் பிற்பாடு அமெரிக்காவிலும் தன் ஊரிலும் நீச்சல் சொல்லிக் கொடுத்தாராம்.

எழுந்து நின்றாள்

இதற்குள் எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். இடுப்பளவு ஆழம்தான். உடைந்து நுரையாக வருகிற சின்ன அலைகளில்தான் பழக்கம். முதல் அலையில் என் பெண் தொபுக்கடீர் என்று விழுந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். தலை தெரிகிற வரைக்கும் கந்த சஷ்டி நாயகனைக் கூப்பிட்டேன். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். பதினொன்று வரை எண்ணினேன்.

பன்னிரண்டாவது தடவை. ஆசிரியை பலகையைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிட்டார். கையை ஊன்றினாள், எழுந்தாள், நின்றாள்! மூன்று நொடி இருக்கும், நாலு நொடி இருக்கும். கரையைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். காவிரிப் படியில் சொம்புத் தண்ணீருக்குத் தலையைக் குனிந்த குழந்தை முகம் நினைவுக்கு வந்து, எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. அந்தப் பாட்டி தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

கடலுக்குப் போகும் பெண்கள் கவனத்துக்கு

* நீச்சல் தெரிந்த பிறகே அலைச்சறுக்கு. தனியாக இறங்க வேண்டாம்.
* ஆஸ்திரேலியாவில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். ஆபத்துக்கு அழைக்க 000.
* ரிப் இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.
* சங்கிலி, தோடு, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தலைமுடியை இறுகப் பின்னிக்கொள்ளவும்.
* முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் வயிறு பலகையில் உராய்ந்து புண்ணாகாது. வெயில் களிம்பை 20 நிமிஷம் முன்பே பூசி, இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும்.
* வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்னதாக இட்லி போன்ற லேசான ஆகாரம் போதும். வெளியே வந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கவும்.
* மறுநாள் தோளும் விலாவும் வலிக்கும். வெந்நீர்க் குளியலும் ஓய்வும் போதும்.

நம் ஊரிலும் சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் மீனவ இளைஞர்களே இந்த விளையாட்டைச் சொல்லித் தருகிறார்கள். மெரினாவில் விளையாட்டாக இறங்கிய எத்தனையோ பிள்ளைகளைக் கடல் கொண்டு போயிருப்பதும் நமக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சின்னவளை நீச்சலில் சேர்த்தேன். "அவ ஜாதகத்துலயும் ஏதாவது கண்டம் இருக்கான்னு பார்த்தியா?" என்று இவர் கிண்டல் செய்தார். "இருந்தாத்தான் நீச்சல் முக்கியமா தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

பெரியவள் ஜாதகம் சுவாமி அலமாரியில் அப்படியே இருக்கிறது. இப்போதும் அவள் கடலுக்குப் போகிற நாளில் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். ஆனால் போகாதே என்று மட்டும் சொல்வதில்லை.